வராத மூன்று நாட்கள்

நவம்பர் 2, ஞாயிறு

உளுந்தைப் போட்டுக் கிரைண்டரைச் சுற்றவிட்டதும் கரண்ட் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துச் செல்லக்கனி மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தெருதான். எங்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

என் மகள் தர்ஷனா ஹால் மூலையில் பாயைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்று இரண்டாம் நாள். காலையில் என் வீட்டுக்காரர்தான் பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு எங்கள் உரக்கடைக்குப் போனார்.

"என்ன மரகதம், போன மாசம் பிள்ளைக்கு அஞ்சாந்தேதில்லா?" என்றார் மதினி.

"கொஞ்சம் முந்திருச்சு மதினி."

"முந்தட்டும் முந்தட்டும். பிந்தத்தான் கூடாது."

இந்த ஞாபகசக்தியைப் படிப்பில் காட்டியிருந்தால் மதினி இந்நேரம் கலெக்டராகியிருப்பார். காபியைக் குடித்துவிட்டு, சீனி கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் தர்ஷனா தொடை இடுக்கில் வலிக்கிறது என்றாள். பள்ளியில் த்ரோபால் ஆடியதில் இருந்தே இருக்கிறதாம். தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். குடலிறக்கமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நவம்பர் 5

பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் விடைத்தாள் ஒரு கட்டு திருத்தினேன். வீக்கம் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 7

ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனேன். அந்த லேடி டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து மேலும் கீழும் தேடினார். இன்னும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தாள். மறுபடியும் தேடினார்.

"கடைசியா எப்ப டீச்சர்?"

"போன சனிக்கிழமை." நான் யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது.

"மாசாமாசம் சரியா வருதா?"

"வருது டாக்டர்."

தர்ஷனா மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். "கருப்பையே தெரியல டீச்சர்." நான் மெஷின் பழசு என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மதுரையில் ஒரு பெரிய டாக்டரின் பெயரைச் சொல்லி, அங்கே காட்டுங்கள் என்றார். சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நவம்பர் 8

இவரிடம் குடலிறக்கம், மதுரையில் காட்டச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாகிவிட்டது.

நவம்பர் 15, சனி

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதுரை டாக்டர் ஜெசிந்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். தர்ஷனாவைப் பரிசோதித்துவிட்டு, வெளியே உட்காரச் சொன்னார். பிறகு எங்களிடம், பிள்ளை எப்போது வயதுக்கு வந்தாள் என்று கேட்டார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதினாலு வயசுல டாக்டர். சடங்கு ஜாம்ஜாம்னு செஞ்சோம். மண்டபம் புடிச்சு, தாய்மாமன் சீரு மேளதாளத்தோட வந்துச்சு. ஆட்டுக்கறி விருந்து."

டாக்டர் என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க."

"அவர் சொல்றதுதான் டாக்டர்."

"கருப்பை இல்லாத பிள்ளைக்கு ஒரு மாசம்கூட வந்திருக்காது. எனக்கு உள்ளத உள்ளபடி சொன்னாத்தான் நான் சரியான இடத்துல தேட முடியும்."

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப உங்க ரிப்போர்ட்தான் தப்பு. மாசம் மூணு நாள் பிள்ளை தனியாப் பாயில உக்காருது. நான்தான் சாமி விளக்கு பொருத்துறேன். என்கிட்டயே இல்லைங்கிறீங்க?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். இடது வார் பிய்ந்து போகிற நிலையில் இருந்தது. இவர் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. தலையைத் தூக்க முடியவில்லை.

"ஒரு தடவைகூட வரல டாக்டர்" என்றேன்.

ரத்தம் எடுத்தார்கள். குரோமோசோம் பரிசோதனையும் உண்டு, முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார். காரில் திரும்பினோம். சாத்தூரில் இவர் இறங்கிப் பிள்ளைக்கு மட்டும் சேவு வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போன பிறகு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்கிட்டயுமா மரகதம்?"

நவம்பர் 16, ஞாயிறு

இந்த டைரி ஃபிரிட்ஜ் மேல்தான் கிடக்கும். பால் கணக்கும் இதில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டுவார்கள் என்பதால் இதிலும் பொய்யையே எழுதி வந்தேன். மாதாமாதம் 'தர்ஷனாவுக்கு முதல் நாள்', 'தர்ஷனாவுக்குத் தலைக்கு ஊற்றியது'. ஸ்கேன் எடுத்த நாளில் இருந்துதான் அலமாரியில் என் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அந்தச் சடங்கு பொய். நான் செய்த பொய்.

அவளுக்குப் பதினான்கு முடியப்போகிற நேரம். மதினியின் மகள்களெல்லாம் பன்னிரண்டிலேயே வயதுக்கு வந்தவர்கள். மதினி வரும்போதெல்லாம் பிள்ளையை ஏற இறங்கப் பார்ப்பார். "உடம்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு, இன்னும் என்ன? யாருட்டயாவது காட்டுவமா?" ஒருநாள் கல்யாண வீட்டில், பந்தியில் வைத்து, பத்துப் பேர் காது கேட்கக் கேட்டார். தர்ஷனா பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

எனக்குத் தோன்றிய யோசனை எனக்கு அப்போது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. பதினைந்து, பதினாறில் வருகிற பிள்ளைகளும் உண்டு, வகுப்பில் பார்த்திருக்கிறேன். எப்படியும் சில மாதங்களில் வரத்தான் போகிறது. தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? மதினி வாய் அடைபடும். இவ்வளவுதான் நினைத்தேன்.

"ரெண்டு நாள் வயித்தவலின்னு படுத்துக்கோ. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று அவளிடம் சொன்னேன்.

"பொய்தானம்மா?"

"சீக்கிரம் உண்மையாயிரும்டா."

ஓலைக் குடிசை கட்டி உட்கார வைத்தார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடித்தாள், குமட்டக் குமட்டக் குடித்தாள். உளுந்தங்களி தின்றாள். என் தம்பி கடன் வாங்கிச் சீர் கொண்டுவந்தான். பட்டுச்சேலை கட்டி, மாலை போட்டு, மேடையில் அத்தனை பேருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்தவர்களைக் கவனிக்கிற மாதிரி பந்திப் பக்கம் போய்விட்டேன்.

ஒரு பொய்யோடு முடிகிற காரியமா? மாதாமாதம் அந்த மூன்று நாள் வரவேண்டியிருந்தது. நான் தேதி சொல்வேன், அவள் பாயை விரிப்பாள். நாப்கின் வாங்கி, பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுவேன். விலங்கியலில் முதுநிலைப் பட்டம் வாங்கியவள் நான். பதினைந்து முடிந்தபோதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போனால் சடங்கு பொய்யென்று தெரிந்துவிடும். அதனால் போகவில்லை. பிள்ளையின் உடம்பைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

நவம்பர் 19

இவர் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிடுகிறார்.

நவம்பர் 27

பதினொன்றாம் வகுப்பில் இன்று வேதிய ஒருங்கிணைப்புப் பாடம். தர்ஷனா என் வகுப்புதான். வீட்டில் அம்மா, வகுப்பில் மிஸ். இதில் அவள் ஒருநாளும் குழம்பியதில்லை.

இந்தப் பாடத்துக்கு வருடா வருடம் நான் சொல்கிற ஒரு உதாரணம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பு எல்லோர் காதிலும்தான் விழுகிறது. எட்டயபுரம் பஸ் என்றால் எட்டயபுரத்துக்காரர்கள் மட்டும்தான் மூட்டையைத் தூக்குகிறார்கள். ஹார்மோனும் அப்படித்தான். ரத்தத்தில் உடம்பு முழுக்கப் போகிறது. எந்தச் செல்லில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி இருக்கிறதோ அந்தச் செல்தான் எழுந்து வேலை பார்க்கும். சில ஹார்மோன்கள் செல்லின் வாசலிலேயே சேதி சொல்லிவிட்டுப் போய்விடும். ஸ்டீராய்டு ஹார்மோன் மட்டும் சுவரைத் தாண்டி உள்ளே போய், அங்கே காத்திருக்கும் ஏற்பியோடு சேர்ந்துகொண்டு, நேராக ஜீனிடமே பேசும்.

முன் பெஞ்சில் ஃபாத்திமா எழுந்தாள். "மிஸ், ஹார்மோன் இருக்கு, ஏற்பிதான் பழுதுன்னா என்ன ஆகும்?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்வி வந்தால் இருபது நிமிடம் பேசுவேன். பதில் எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். பன்னிரண்டு நாளாக வேறெதையும் நான் நினைக்கவில்லை. கருப்பை இல்லை, மார்பு வளர்ந்திருக்கிறது, அக்குளில் முடி இல்லை, இடுக்கில் வீக்கம். ரிப்போர்ட் வராமலே எனக்குத் தெரியும்.

"அது சிலபஸ்ல இல்ல. உக்காரு" என்றேன்.

தர்ஷனா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுத நான் ஒன்றுமே சொல்லவில்லை.

டிசம்பர் 1

மதினி வரக்கூடும் என்று தர்ஷனாவே பாயை விரித்துக்கொண்டாள். நான் தேதி சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 6, சனி

ரிப்போர்ட் வந்துவிட்டது. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மட்டும் போனோம்.

டாக்டர் ஜெசிந்தா படம் போட்டுக் காட்டினார். அவளுடைய குரோமோசோம் ஆண்களுக்கு இருப்பதைப் போன்றது. வயிற்றுக்குள் கருப்பைக்கும் சினைப்பைக்கும் பதிலாக இரண்டு விந்தகங்கள். அதில் ஒன்றுதான் இடுக்கில் இறங்கி வீங்கியிருக்கிறது. அவை ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன, குறைவில்லாமல் சுரக்கின்றன. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அவள் உடம்பில் எந்தச் செல்லிலும் வேலை செய்யவில்லை. கருவில் இருந்தபோதே ஆணாக மாறு என்ற சேதி வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு செல்லும் அதைக் கேட்கவில்லை. அதனால் உடம்பு பெண்ணாகவே வளர்ந்தது.

கருப்பை உருவாக வேண்டாம் என்று சொல்வது வேறொரு ஹார்மோன். அதற்கான ஏற்பி நன்றாக இருந்தது. அந்தச் சேதியை மட்டும் செல்கள் கேட்டுவிட்டன. ஒன்று கேட்டது, ஒன்று கேட்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

"அவ பொண்ணுதான். அதுல உங்களுக்கு ஒரு சந்தேகமும் வேணாம்" என்றார் டாக்டர். "மாசவிடாய் வராது, குழந்தை பெத்துக்க முடியாது. மத்தபடி ஆரோக்கியமான பிள்ளை. அந்தச் சுரப்பிகள இப்ப அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்ல. அதுல சுரக்குறதுதான் பெண் ஹார்மோனா மாறி அவளுக்கு எலும்புக்கும் வளர்ச்சிக்கும் உதவுது. எடுத்துட்டா காலம் பூரா மாத்திரை. அப்பப்ப ஸ்கேன் பண்ணிப் பாத்துக்குவோம். எடுக்குறதா வேணாமாங்கிறத பெரியவளாயி அவ முடிவு பண்ணட்டும். முதல்ல அவளுக்குச் சொல்லணும். நீங்க சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி."

"அவளுக்கு எதுக்கு டாக்டர்?" என்றார் இவர்.

"உடம்பு அவளோடது சார்."

பெரும்பாலும் தாய்வழியாக வருவது என்றும் சொன்னார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டிசம்பர் 13

இவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். உரக்கடைக்கு வருகிற ஒருவரின் மைத்துனர் வேறு ஊரில் தனியார் ஆஸ்பத்திரியில் சர்ஜன். அரையாண்டு லீவில் அந்தச் சுரப்பிகளை எடுத்துவிடலாம், பிள்ளையிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தச் சர்ஜன் ஒத்துக்கொண்டாராம்.

"டாக்டரம்மா அவசரமில்லன்னாங்களே" என்றேன்.

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க. அதத் தெரிஞ்சுக்கிட்டு எம்பிள்ளை உசுரோட இருப்பாளா? எங்கக்காவுக்குத் தெரிஞ்சா ஊரு பூரா தெரிஞ்ச மாதிரி. எடுத்துட்டா அந்தப் பேச்சே இல்ல." சொல்லும்போதே அழுதுவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "நீ ரெண்டு வருசம் மறைச்சியே, இத மட்டும் மறைக்க முடியாதா?"

சரி என்றேன்.

டிசம்பர் 18

தர்ஷனாவுக்கு இன்று இயற்பியல் பரீட்சை. ஆபரேஷன் வலிக்குமா என்று கேட்டாள். மயக்க மருந்து கொடுப்பார்கள், சின்ன ஆபரேஷன்தான் என்றேன். சரிம்மா என்றாள். நான் எது சொன்னாலும் சரி என்கிற பிள்ளை.

டிசம்பர் 24

பரீட்சை முடிந்தது. நைட்டி இரண்டு, துண்டு, ஃபிளாஸ்க், பிஸ்கட் எடுத்து வைத்தேன். மதினி விபூதி கொண்டுவந்து பூசிவிட்டுப் போனார். குடலிறக்கத்துக்கு எதைச் சாப்பிடக்கூடாது என்று ஒரு பெரிய பட்டியலே சொன்னார். தலையாட்டினேன். என்னைக் கண்டால் எனக்கே ஆகவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனோம். இவர் கவுண்டரில் நின்றார். நர்ஸ் ஒரு பெண், சின்ன வயது, தர்ஷனாவை உட்கார வைத்து எடை, பிரஷர் எல்லாம் பார்த்தாள்.

"கடைசியா எப்பம்மா ஆச்சு?"

தர்ஷனா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணாந்தேதி சிஸ்டர். மூணு நாள். எப்பவும் சரியா வந்துரும்."

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடங்களிலேயே அவள் மிக நன்றாகப் படித்தது இதுதான். நர்ஸ் எழுதத் தொடங்கினாள்.

"எழுதாதீங்க சிஸ்டர்" என்றேன். "அவளுக்கு வந்ததே இல்ல."

தர்ஷனா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். இவர் கவுண்டரில் இருந்து ஓடிவந்தார். "மரகதம், வாய மூடு."

"இவளுக்குக் குடலிறக்கமும் இல்ல. என்ன ஆபரேஷன்னு இவளுக்குத் தெரியாது. தெரியாமச் செய்ய எனக்குச் சம்மதமில்ல." என் குரல் வராந்தா முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் பட்ட வெட்கத்துக்கு இது ஒன்றுமே இல்லை. இவர் கையில் இருந்த ரசீதைக் கசக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

அவளை அழைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ஃபாத்திமா கேட்ட கேள்விக்கான பதிலைச் சொன்னேன். குரோமோசோம், ஏற்பி, கேட்காத சேதி, கேட்ட சேதி, எதையும் விடவில்லை. டாக்டர் ஜெசிந்தா சொன்னதையும், இங்கே என்ன செய்யவிருந்தோம் என்பதையும் சொன்னேன்.

"அப்ப நான் பொண்ணு இல்லையாம்மா?"

"பொண்ணுதான். அதுல ஒரு சந்தேகமும் வேணாம்னு டாக்டரே சொன்னாங்க."

"குழந்தை?"

"பெத்துக்க முடியாதுடா."

துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். ஒரு ஆம்புலன்ஸ் வந்து யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"எப்பத்துல இருந்து இப்படி?"

"நீ என் வயித்துல இருக்கும்போதே. ரெண்டு மாசக் கருவுல இருந்தே."

"பொறக்கிறதுக்கு முன்னாடியேவா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சடங்குக்கு முன்னாடியே இப்படித்தானா? நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப சாமி குத்தம் இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. என்ன சாமி குத்தம் என்று கேட்டேன்.

"வராமலே வந்துச்சுன்னு சொல்லி, சாமிக்கு முன்னாடி ஆரத்தி எடுத்தீங்கல்ல. மாமா மாலை போட்டாங்க. பொய்யாச் செஞ்சதாலதான் எனக்கு வரவே மாட்டேங்குதுன்னு நெனச்சேம்மா. அந்த மூணு நாளும் நிஜம் மாதிரியே ஒழுங்கா இருந்தா சாமி மன்னிச்சு வர வச்சிரும்னு..." முடிக்கவில்லை. என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அது துக்கம் மட்டுமில்லை. பாதிக்குமேல் நிம்மதி. அதுதான் என்னைக் கொன்றது.

மதினி ஊரில் இல்லாத மாதங்களிலும் அவள் பாயை விட்டு எழுந்ததில்லை. யாரும் இல்லை, எழுந்து வா என்று கூப்பிட்டாலும் வரமாட்டாள். பிள்ளை நன்றாக நடிக்கிறாள் என்று நான் மெச்சிக்கொண்டேன். ஏன் என்று ஒரு தடவை கேட்டதில்லை.

இரண்டு வருடமாக அந்தப் பயத்தோடுதான் தினமும் எனக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளுக்கு ஹார்மோன் பாடம் நடத்தினேன்.